சிட்டுவுக்குத் துணை

ஆகஸ்ட் 6, புதன்

மதியம் கொழுந்தனார் லோகநாதன் வந்து வர்ணிகாவை விட்டுவிட்டுப் போனார். நாளைக்கு அவருடைய லாரி நாக்பூருக்கு லோடு ஏற்றுகிறது. வர்ணிகாவின் அம்மா கோகிலா போய்ச் சேர்ந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. ஆனால் டிரைவர் எத்தனை நாளைக்கு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியும்? "வேற ஆருகிட்ட வுட்டுட்டுப் போவேனுங்க அண்ணி" என்று என்னைப் பார்த்துச் சொல்லாமல் வாசலைப் பார்த்துச் சொன்னார்.

ஒன்பது வயதுப் பெண். பள்ளிக்கூடப் பை ஒன்று, துணிப்பை இரண்டு, மூடியில் ஓட்டை போட்ட ஒரு செருப்புப் பெட்டி. பெட்டிக்குள் கோழிக்குஞ்சு.

சாவு வீட்டுக் கூட்டத்தில் அங்கே கோழியை அடைக்க ஆள் இல்லை. தாய்க்கோழியையும் மற்றக் குஞ்சுகளையும் நாய் கொண்டுபோய்விட்டது. இது மட்டும் அம்மிக்குப் பின்னால் கிடந்ததாம். பெயர் சிட்டு. இதையெல்லாம் லோகநாதன்தான் சொன்னார். அவள் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை.

பின்பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தேன். அங்கே பழைய சாமான்கள்தான் கிடந்தன.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பில் சேர்த்தாயிற்று. சுலபமாக முடிந்தது.

சுலபமில்லாதது குஞ்சுதான். அவள் படியிறங்கியதும் கத்த ஆரம்பிக்கிறது. உள்ளங்கையளவு உடம்பு, தெரு முழுக்கக் கேட்கும் குரல். நொய்யரிசி போட்டேன், தண்ணீர் வைத்தேன், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துக்கொண்டேன். எதற்கும் அடங்கவில்லை. கடைசியில் மடியில் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் தூங்கியது. காலை அசைக்காமல் எப்படி மிஷின் மிதிப்பது? கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட் அப்படியே கிடக்கிறது.

நாலு மணிக்கு அவள் வந்து பெட்டியைத் திறந்தாள். ஏறித் தோளில் உட்கார்ந்துகொண்டது. இரண்டும் பின்வாசலுக்குப் போய்விட்டன.

சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறாள். "தண்ணி குடிச்சுக்கட்டுங்களா பெரிம்மா?" என்று கேட்கிறாள். தண்ணீருக்கு!

ஆகஸ்ட் 9, சனி

இவர் பட்டறையிலிருந்து வரும்போது சந்தைக்குப் போய் நான்கு குஞ்சுகள் வாங்கி வந்தார். நான்தான் சொல்லியிருந்தேன். மெஷினில் பொரித்த நாட்டுக்குஞ்சு. சிட்டுவைவிடக் கொஞ்சம் சின்னவை. "ஒத்தக் குஞ்சு பிழைக்கறதே செரமமுங்க. ஆனா நேராக் கொண்டுபோயி உள்ள வுட்டுடாதீங்க" என்றானாம் விற்றவன். ஒரு வாரம் தனியாக வைத்து நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் நடுவில் வலையைக் கட்டி, ஒன்றையொன்று பார்க்க மட்டும் விட வேண்டும். அப்புறம்தான் சேர்க்க வேண்டும்.

வர்ணிகா கதவுப் பக்கம் நின்று பார்த்தாள்.

"இதுக எதுக்குங்க பெரிம்மா?"

"சிட்டுவுக்குத் தொணைக்குத்தான் கண்ணு. நீ ஸ்கூலுக்குப் போனா அது பாவம் தனியா இருக்குதல்ல?"

"அதுக்கு நான் இருக்கறன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

புதுக் குஞ்சுகளைப் பூனை பார்க்காமல் மூடிவைக்க ஏதாவது கிடைக்குமா என்று பரணில் தேடினேன். குழந்தைகளுக்குக் கவிழ்க்கிற கொசுவலை ஒன்று இருந்தது. குடை மாதிரி விரிவது. கல்யாணமான புதிதில் வாங்கியது, கவர்கூடப் பிரிக்கவில்லை. பிரித்து விரித்தேன். குஞ்சுகளுக்கு அளவாக இருந்தது.

இவர் பார்த்தார். "இது இன்னும் இருக்குதா" என்றார்.

"இருக்குது."

குஞ்சுக்குச் சூடு வைக்கக் குண்டு பல்பு வாங்கி வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வீட்டில் பல்பு இருந்தது. நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

கல்யாண ஜாக்கெட் கொடுத்தாயிற்று. கை கொஞ்சம் இறுக்கம் என்றார்கள். பிரித்துத் தைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் புதுக் குஞ்சுகளில் ஒன்று செத்துக் கிடந்தது. நேற்றே சிறகைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. அவள் எழுந்திருப்பதற்குள் எடுத்துப் புதைத்துவிடலாம் என்று நினைத்தேன். திரும்பினால் பின்னாலேயே நிற்கிறாள், பல் துலக்கும் பிரஷ்ஷோடு.

"அதுக்கும் மஞ்சக்காமாலையாங்க பெரிம்மா?"

கோகிலாவைக் கொண்டுபோனது மஞ்சள்காமாலைதான். இங்கே வந்ததிலிருந்து அவள் அம்மாவைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

"இல்ல சாமி. குஞ்சுகள்ல ஒண்ணு ரெண்டு இப்படித்தான் போயிரும்" என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். குழந்தையிடம் சொல்கிற பேச்சா அது?

அவள் தலையாட்டினாள். பப்பாளி மரத்தடியில் குழி தோண்டும்போது பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டாள். நானும் போட்டேன். அதன் பிறகு போய் வாய் கொப்பளித்தாள்.

பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகிவிட்டது. நானே கூடப் போய் டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தேன். என்ன காரணம் என்று சொன்னேன் என்பது இப்போது ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மீதி மூன்றும் நன்றாக இருக்கின்றன. இரை எடுக்கின்றன, எச்சமும் கெட்டியாக இருக்கிறது. கால்நடை ஆஸ்பத்திரியில் அவற்றின் கண்ணில் நோய்த் தடுப்புச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வந்தோம். சிட்டுவுக்கும் சேர்த்து.

இன்று பின்வாசலில் கொடாப்பை வைத்தோம். மூங்கில் கூடைதான், கவிழ்த்து வைத்தால் கோழிக்கு வீடு. அதற்குள் குறுக்கே இவர் கம்பி வலையை வெட்டி நிறுத்தினார். ஒரு பக்கம் சிட்டு, மறுபக்கம் மூன்றும்.

சிட்டு இதுவரை கோழியையே பார்க்காத மாதிரி நடுங்கியது. ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு வர்ணிகாவைப் பார்த்துக் கத்தியது. மூன்றும் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவற்றுக்கு நொய்தான் முக்கியம்.

"வெளிய எடுத்தர்றேங்க பெரிம்மா" என்றாள்.

"கொஞ்ச நேரம் பார்ப்பமே."

"அது பயப்படுது."

எடுத்துக் கொடுத்தேன். எனக்கும் அந்தக் கத்தலைக் கேட்க முடியவில்லை. இவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து அதைச் சேரவே வுடமாட்டீங்க."

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று சிட்டு கத்தவில்லை. வலைக்கு இந்தப் பக்கம் அது இரை பொறுக்கியது. அந்தப் பக்கம் ஒரு சாம்பல் குஞ்சும் அதே இடத்தில் பொறுக்கியது. அவ்வளவுதான்.

லோகநாதன் போன் செய்தார். பேசி முடித்து அவள் போனைத் துடைத்துக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அவசரப்பட்டுவிட்டோம். சாயங்காலம் வலையை எடுத்துப் பார்க்கலாம் என்றேன். எடுத்த கொஞ்ச நேரத்தில், பயந்து நடுங்கிய சிட்டுவா இது என்று ஆகிவிட்டது. சாம்பல் குஞ்சைத் துரத்தித் துரத்திக் கொத்தியது. தலையில் ரத்தம். ரத்தத்தைப் பார்த்ததும் மற்ற இரண்டும் அதே இடத்தில் கொத்த வந்தன.

நான் கையை விட்டுச் சாம்பலைத் தூக்கினேன். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசினேன். பிழைத்துக்கொள்ளும். ராத்திரிக்கு அதைத் தனியாகக் கொசுவலைக்குள் விட்டேன்.

வர்ணிகா சிட்டுவை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினாள். நான் அடுப்படியில் இருந்தேன். எனக்குக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"அதுகள ஏன் கொத்துன? அதுக மெஷின்ல பொரிச்சதுக. அதுக அம்மாவப் பார்த்ததே இல்ல. நீயாச்சும் பார்த்திருக்கற."

ரசம் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. மறுபடி பற்றவைத்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை பிடித்தோம். அவள் பிடித்ததெல்லாம் கோழி முட்டை மாதிரி இருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன்.

கொத்துப்பட்ட இடம் ஆறிவிட்டது. மறுபடி சேர்த்தோம். இந்த முறை பொழுது சாய்கிற நேரத்தில், இரண்டு இடத்தில் கம்பு இறைத்து, இரண்டு தட்டில் தண்ணீர் வைத்து. சிட்டு இரண்டு தடவை கொத்தியது. சாம்பல் விலகிப் போய் வேறு இடத்தில் பொறுக்கியது. ரத்தம் இல்லை. "ரெண்டு கொத்துக் கொத்தட்டும், வுடு. ஆரு பெருசுன்னு தெரிஞ்சுட்டா அடங்கிரும்" என்றார் இவர்.

இருட்டியதும் மூன்றும் ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. சிட்டு மட்டும் இந்த ஓரத்தில் நின்று அவளைக் கூப்பிட்டது. அவள் எழுந்து போகவில்லை. கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் தலையில் கை வைக்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் இவர் சாப்பிடக் கூப்பிட்டார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ராத்திரி மழை. காலையில் கொடாப்பின் மேல் போட்டிருந்த சாக்கை விலக்கிப் பார்த்தால் நான்கும் ஒரே உருண்டையாகக் கிடந்தன. எந்தத் தலை எதனுடையது என்று தெரியவில்லை.

"சிட்டு நடுவுல படுத்திருக்குது பாருங்க பெரிம்மா" என்றாள். ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமா வருத்தமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

கோகிலாவின் தம்பி சதாசிவமும் அவர் மனைவி மஞ்சுளாவும் ஈரோட்டிலிருந்து வந்தார்கள். நல்ல மனுஷர்கள். வர்ணிகாவுக்குப் பாவாடை சட்டை எடுத்து வந்திருந்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு சதாசிவம் விஷயத்தைச் சொன்னார். "எங்க வூட்ல ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்குதுங்க்கா. இவளும் கூட இருந்தா ஒண்ணோட ஒண்ணா வளர்ந்துக்குமுங்க. காலாண்டு லீவுக்கு அனுப்பி வையுங்க. ஒத்துப்போச்சுன்னா அங்கயே பள்ளிக்கூடம் மாத்திக்கலாம். லோகநாதன் மாமாகிட்டயும் பேசிட்டேன்."

"உங்களுக்கும் பழக்கமில்லாத வேலை பாருங்க" என்றாள் மஞ்சுளா. மனதில் எதையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. அவள் சுபாவம் அப்படி.

"அதுவும் சரிதானுங்க" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். நான் காபி போட எழுந்தேன். இரண்டு தடவை சர்க்கரை போட்டுவிட்டேன் போல. யாரும் சொல்லவில்லை, குடித்தார்கள்.

அவர்கள் போன பிறகு இவர் கேட்டார். "ஏம்புள்ள வசந்தா, சரின்னுட்ட?"

"சிட்டுவப் பாருங்க. மத்ததுகளோட சேர்ந்த பொறவுதான் நல்லா இரை எடுக்குது. கத்தறதே இல்ல. கொழந்தையும் அப்படித்தானுங்களே. இங்க அவளுக்கு ஆரு இருக்கறாங்க?"

"குஞ்சு வேற, கொழந்த வேற."

"நான் எனக்காகச் சொல்லுலீங்க."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார். பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்ன சொல்ல வந்தார் என்று புரியவில்லை.

செப்டம்பர் 20, சனி

அவளுக்குப் பரீட்சை. வாய்ப்பாடு கேட்டேன். ஏழாம் வாய்ப்பாட்டில்தான் திணறுகிறாள். நானும் அதில்தான் திணறுவேன்.

ஈரோட்டுக்கு வேண்டுமென்று இரண்டு கவுன் தைத்தேன். அளவு எடுக்கும்போது கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். வந்தபோது இருந்ததைவிடத் தோள் கொஞ்சம் அகலம். கொஞ்சம் தாராளமாகவே வெட்டினேன்.

செப்டம்பர் 27, சனி

சதாசிவம் வந்து கூட்டிப் போனார். பஸ் ஏறும்வரை சிட்டுவுக்கு என்னென்ன போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். கேட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

துணி துவைத்தேன். குஞ்சுகளுக்குக் கரையான் கிடைத்தது.

செப்டம்பர் 29, திங்கள்

ஒன்றுமில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பட்டறையில் சாமி கும்பிட்டுவிட்டுப் பொரி, கடலை, சுண்டல் எல்லாம் கொண்டு வந்தார். இரண்டு பேருக்கு எவ்வளவு பொரி வேண்டும்? மீதியைக் கோழிக்குப் போட்டேன்.

சாயங்காலம் வர்ணிகா போன் செய்தாள். பின்னால் குழந்தைகள் கத்துகிற சத்தம். சிட்டு எப்படி இருக்கிறது, சாம்பலைக் கொத்துகிறதா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது, கொத்தவில்லை என்றேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறேன், இங்கே ஊஞ்சல் இருக்கிறது என்றாள்.

"பெரிம்மா நீங்க?"

"எனக்கென்ன கண்ணு, ஆர்டர் நெறையா இருக்குது, உக்கார நேரமில்ல."

மிஷினுக்கு எண்ணெய் போட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

பதினொரு மணிக்கு வந்துவிட்டார்கள். சதாசிவத்துக்கு முகமெல்லாம் சந்தோஷம். இரண்டு பெண்களோடும் அவள் நன்றாக ஒட்டிக்கொண்டாளாம். பள்ளிக்கூடத்திலும் கேட்டு வைத்துவிட்டாராம், சாமான்களை இப்போதே எடுத்துப் போய்விடலாம் என்றார்.

வர்ணிகா செருப்பைக் கழற்றியதும் நேராகப் பின்வாசலுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். கம்புத் தானியத்தைக் கையில் வைத்து நீட்டி, "சிட்டு, சிட்டு" என்று கூப்பிட்டாள். சிட்டு தலையைத் தூக்கிப் பார்த்தது. சாம்பல் பக்கத்தில் மண்ணைக் கிளறியது, உடனே இதுவும் திரும்பிக் கிளற ஆரம்பித்தது. வரவில்லை.

"மறந்தெல்லாம் போகாது சாமி" என்று ஆரம்பித்தேன்.

"மறக்கலீங்க பெரிம்மா" என்றாள். "அதுக்கு வேலை இருக்குது."

கம்பை மண்ணில் இறைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"நான் போயே ஆகோணுங்களா?"

"அங்க உனக்கு நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்குது. அத்தை நல்லாப் பார்த்துக்கறாங்க. ஆனா அங்க தூக்கம் வர்றதில்ல."

"எனக்காகப் பாவம் பார்த்துச் சொல்றயா?"

"இல்லீங்க. எனக்கு இங்கதான் தூக்கம் வருது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க மிஷின் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்குமில்லீங்க" என்றாள்.

நான் உள்ளே போனேன். சதாசிவம் இவரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். பாதிப் பேச்சில் குறுக்கே பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

"தம்பி, அவ இங்கயே இருக்கட்டுமுங்க."

"என்னுங்க்கா? அன்னைக்கு நீங்கதானே…"

"அன்னைக்குச் சொன்னது தப்புங்க. அவளுக்கும் இங்க இருக்கத்தான் இஷ்டம். அது மட்டுமில்ல." குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது. "எனக்கும் வேணுமுங்க. அவ எனக்கு வேணும்."

இவர் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சதாசிவத்துக்கு வருத்தம்தான். அக்கா பிள்ளை, இருக்காதா? வர்ணிகாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னாள். அவர் லோகநாதனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எங்கேயோ லாரி ஹாரன் சத்தத்துக்கு நடுவில், "புள்ளை என்ன சொல்லுதோ அதேதான் மாப்ள" என்று கேட்டது.

"லீவுன்னா அங்க வந்துரோணும். எல்லா லீவுக்கும்" என்றார் சதாசிவம்.

"வர்றேனுங்க மாமா."

சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். மோர்க்குழம்பு இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். மஞ்சுளாவுக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டில் இருந்த கடலை மாவில் பலகாரம் செய்து கொடுத்தனுப்பினேன்.

அக்டோபர் 6, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. மழை.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு இரண்டு நாள்தான். தைக்கிற துணி மலை மாதிரிக் குவிந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டம்மாவின் பட்டு ஜாக்கெட் துணியை எடுத்துக் கொடாப்புக்குத் திரை கட்டியிருக்கிறாள். கோழிகளுக்குத் தீபாவளியாம். துணியில் எச்சம், ஒரு மூலையில் கிழிசல்.

எனக்கு எங்கிருந்து அப்படிக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. "அறிவிருக்குதாடி உனக்கு? கேட்டு எடுக்கோணும்னு தெரியாது?" என்று கத்திவிட்டேன். இவள் வந்த நாளிலிருந்து நான் குரலை உயர்த்தியதில்லை.

அவள் தலையைக் குனிந்துகொள்வாள் என்று நினைத்தேன். அவள் என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள். "நீங்க பழைய துணி மூட்டையிலதானே வெச்சிருந்தீங்க! எனக்கெப்படித் தெரியும்? எப்பப் பார்த்தாலும் தைச்சுக்கிட்டே இருக்கறீங்க, என்கூட வெளாடவே மாட்டீங்க!" அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். சுவரில் இருந்த காலண்டர் விழுந்தது.

நான் கிழிந்த துணியை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் காலண்டரை எடுத்து மாட்டினார். வாயெல்லாம் சிரிப்பு.

"என்னங்க சிரிக்கறீங்க?"

"இத்தன நாளா ஒறம்பரையா, விருந்துக்கு வந்தாப்பல இருந்துச்சு. இப்பத்தான் நம்ம வூட்டுப் புள்ளையாட்டம் இருக்குது."

ராத்திரி அவள் சாப்பிட வரவில்லை. இவர்தான் தட்டை உள்ளே கொண்டு போனார். நானும் கூப்பிடவில்லை. எனக்கும் கோபம்.

பட்டுத்துணியில் கிழிந்த இடத்தை ஒதுக்கி வெட்டினால் ஜாக்கெட் கை வரைக்கும் துணி வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். வந்தது.

அக்டோபர் 19, ஞாயிறு

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். வந்து அடுப்பு மேடையில் ஏறி உட்கார்ந்தாள். முதல் தோசையைத் தட்டில் போட்டேன். சாப்பிட்டாள். இரண்டாவதைப் போட்டேன். ஓரத்தைப் பிய்த்துப் பார்த்துவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"இது மெத்துன்னு இருக்குது. முறுகலா வேணும்."

எண்ணெய் விட்டு முறுகலாக ஊற்றினேன்.